பழுகாமத்து இரண்டு சீட் கார்

பழுகாமத்தில் அந்த வைக்கோல் போரைப் பிரித்தபோது இருந்தவர்கள் ஐந்து பேர். காரின் சொந்தக்காரி மகேஸ்வரி அக்கா, அவருடைய தம்பி தவம், மகள் சுகந்தி, எங்களை இணைத்துவைத்த காத்தான்குடித் தரகர் ஹனீபா, அப்புறம் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் முதலாளி; கோயம்புத்தூரில் இரத்தக் கொதிப்போடு படுத்திருந்தார். மற்றவர் மகேஸ்வரி அக்காவின் கணவர் சிவலிங்கம். அவர் எங்கே என்று கேட்கக் கூடாது என்று ஹனீபா வேனிலேயே சொல்லிவைத்திருந்தார்.

முதலாளி பழைய கார்களை வாங்கி, புதுப்பித்து, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்பவர். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு அவரிடம் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினார். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தார். அதனால் பட்டறையில் கடிதம் எழுதும் வேலையை முதலாளி என்னிடம் தந்தபோது எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவர் நான்கு வரி சொல்வார். நான் ஒரு பக்கம் எழுதுவேன்.

ஹனீபா அனுப்பிய புகைப்படத்தில் ஒரு மூக்கு நீண்ட கார் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. கூரை இல்லை. இரண்டே சீட். கதவு முழங்கை வைக்க வாகாக வளைத்து வெட்டப்பட்டிருந்தது. முதலாளி பூதக்கண்ணாடியை வைத்து அரை மணி நேரம் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. உலகப் போருக்கு முன்னால் சில டஜன் வண்டிகள் மட்டும் செய்யப்பட்ட ரகம். அதே முகமுள்ள சாதாரண ரகம் நூற்றுக்கணக்கில் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல சில அடையாளங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் எண். தொழிற்சாலைப் பட்டியலின் நகல் முதலாளியிடம் இருந்தது. அதில் 387 என்ற எண்ணுக்கு எதிரே ‘சிலோன்’ என்று ஒரே ஒரு சொல். அந்த வண்டியை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

“அதுதான்னா பன்னெண்டு லட்சம் குடுக்கலாம். இலங்கை ரூபாய்ல. நீ போய் நம்பர் மேல தாளை வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்துட்டு வா” என்றார் முதலாளி. நான் வருவதாக முன்கூட்டியே சொந்தக்காரிக்குக் கடிதம் எழுதிப் போட்டேன்.

போர்நிறுத்தக் காலம் அது. சமாதானம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸை ஒரு சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தகர வேலிகளுக்கு நடுவே அவரவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பஸ் காலியாக முன்னால் போய் நின்றது. எனக்கு முன்னால் ஒரு பெண் பலாக்காய் ஒன்றைச் சுமந்து போனாள். சிப்பாய் அதில் ஒரு கம்பியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். “இனி இது பழுக்காது” என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்டான். பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார். “இந்தியாவில இருந்து ஏன் இஞ்ச வாறாய் எண்டு கேக்கான்.”

“பழைய கார் ஒண்ணு பார்க்க.”

சிப்பாய் சிரித்தான். அதையும் மொழிபெயர்த்தார்கள். “அங்க புதுக் காரெல்லாம் முடிஞ்சுதாமா எண்டு கேக்கான்.”

கல்லடியில் கடற்கரைப் பக்கம் ஒரு அறை. இராச் சாப்பாடாக குழல் பிட்டும் வாவி இறால் கறியும் வந்தன. பிறகு ஒரு மண்சட்டித் தயிர். கவிழ்த்தாலும் விழாத தயிர். எங்கள் ஊரில் தயிரைக் கரண்டியால் ஊற்றுவோம், இங்கே வெட்டினார்கள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஹனீபா வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் குடை. கட்டுகிற சாரம், நெல், பழைய பம்பு, மாப்பிள்ளை என எது கேட்டாலும் ஏற்பாடு செய்வார். எல்லாரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் அது பறவை. எனக்கு அப்படிக் கூப்பிட இரண்டு நாள் வாய் வரவில்லை.

“வாங்க, ஒரு வளவு காட்டுறன்” என்று நடத்திக்கொண்டு போனார். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு மாமரம். வாசல் கதவில் பூட்டு.

“இதுதான் மகேஸ்வரி தங்கச்சி வாங்கப்போற வீடு. சொந்தக்காரன் மகனோட கனடாவுக்குப் போறான். ஒன்பதரை லட்சம். இந்த மாசக் கடைசி மட்டும் பாத்திட்டு இருப்பன் எண்டிரிக்கான்.”

“பழுகாமத்துல வீடு இருக்கில்ல?”

அவர் குடையை மறு கக்கத்துக்கு மாற்றினார். “வாவிக்கு அங்கால, படுவான்கரையில, இயக்கம் வீட்டுக்கு ஒராள் கேக்காங்க. புள்ளைக்குப் பதினேழு வயசு. ஒரே புள்ள. இஞ்சால எழுவான்கரைக்கு வந்திட்டா கொஞ்சம் மூச்சு விடலாம். வீடு வாசல் எல்லாம் இஞ்ச பொம்புளப் புள்ளைக்குத்தானே. எப்பிடியும் வாங்கத்தான் வேணும். இப்ப வாங்கினா புள்ளையும் மிஞ்சும்.”

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் காலை ஹனீபா காக்காவின் வேனில் கிளம்பினோம். வேன் முழுக்க மண்ணெண்ணெய் வாசம். டீசல் வராத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துப் பழகிய எஞ்சின், இப்போது நல்ல டீசல் ஊற்றினால் கோபித்துக்கொள்கிறது என்றார். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்களைத் தாண்டும்போது அது கோபித்துக்கொண்டது. காக்கா இறங்கி, பில்டரைக் கழற்றி வாயில் வைத்து ஊதி, கறுப்பாகத் துப்பினார். “நோன்பு இல்லாத மாசமாப் போச்சு” என்றார்.

பிள்ளையார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். “காக்கா, எங்க பயணம்?”

“அங்கால. பழுகாமம்.”

“அங்காலயா? நீங்களா?”

“ஓம். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு இது ரெண்டாம் தரம். முதல் தரம் போட்டோ பிடிக்கப் போனன். உசிரோட திரும்பினன். அந்தத் தைரியம்தான்.” அவள் சிரித்தாள். காக்கா சிரிக்கவில்லை. இயக்கத்துக்குப் பயந்து காத்தான்குடி முஸ்லிம்கள் அத்தனை வருஷமாகக் கால் வைக்காத அந்தக் கரையில் அவருடைய வாப்பாவுக்கு எட்டு ஏக்கர் வட்டை இருந்ததாம். வட்டை என்றால் வயல்வெளி. இப்போது யார் விதைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

பட்டிருப்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆமி. வேனின் பதிவுப் புத்தகத்தை ஒருவன் வாங்கிக்கொண்டான். இன்னொருவன் முன்சீட்டைத் தூக்கி, எஞ்சினில் எண் அடித்த இடத்தைத் துணியால் துடைத்து, உரக்க ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான். முதலாமவன் புத்தகத்தில் விரல் வைத்துத் தலையாட்டினான். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இயக்கத்தின் சாவடி. அங்கேயும் இரண்டு பேர். ஒருவன் புத்தகம், ஒருவன் துணி. இலக்கம் இலக்கமாக வாசிப்பு. இரண்டு தரப்பும் ஒரே மாதிரி செய்த வேலையாக நான் அந்த ஐந்து நாளில் பார்த்தது இது ஒன்றுதான். எண்ணை வாசிக்கிற இரண்டு தடவையும் காக்காவின் உதடுகள் கூடவே அசைந்தன. அவருக்கு அது மனப்பாடம். எங்கள் ஊரில் சொந்த வண்டியின் எஞ்சின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் ஒருவரை நான் கண்டதில்லை. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மகேஸ்வரி அக்காவின் வீடு வாவியைப் பார்த்து இருந்தது. அவர் ஒல்லியான, உயரமான பெண். என்னைப் பார்த்ததும், “இவ்வளவு சின்னப் பொடியனா? கடிதத்தைப் பாத்திட்டு நாங்க தலை நரைச்ச ஐயா ஒருத்தர் வருவார் எண்டெல்லோ இருந்தம்” என்றார்.

“கதிரை எல்லாம் துடைச்சு வெச்சம்” என்றாள் சுகந்தி. பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். அன்று எனக்காக லீவு போட்டிருந்தாள்.

பதிவுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரிடமிருந்து மகேஸ்வரி அக்காவின் தாத்தா ஏலத்தில் எடுத்த கார். தாத்தா அதைத் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். மகள் தன் மகளுக்கு. வெள்ளைக்காரனுக்கும் தாத்தாவுக்கும் கீழே இருந்தவை பெண் பெயர்கள். ஓட்டியவர்கள் எல்லாம் ஆண்கள். புத்தகத்தில் ஒரு மருமகன் பெயர்கூட இல்லை. பெயர்களை வாசித்த நான் எண் இருந்த பக்கத்தைத் திருப்பவில்லை.

“அடுத்த பேர் இவள்ற” என்றார் அக்கா, மகளைக் காட்டி. “அதுக்குப் பதிலா வீடு.”

காரை மூடியிருந்த வைக்கோல் போரைப் பிரித்தோம். தவம் வைக்கோலை வாரி வாரிப் போட்டார். அவர் இரும்பு ஒட்டுகிறவர், வெல்டர். சிறிய பட்டறை வைத்திருந்தார். வைக்கோலுக்குள்ளிருந்து முதலில் ஒரு விளக்கு வந்தது, அப்புறம் ரேடியேட்டரின் நெற்றி. தோணிக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

“இதை எப்படி இத்தனை வருஷம் யாரும் எடுத்துட்டுப் போகலை?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேர்தான் ஏறலாம், கூரையும் இல்ல, மழைக்கு நனையும்” என்றார் தவம். “இயக்கத்துக்கும் வேணாம், ஆமிக்கும் வேணாம். தம்பிட முதலாளிக்கு மட்டும் வேணும்.”

நான் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினேன். எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் காற்று போகும் வெட்டுகளை எண்ணினேன்; சாதாரண ரகத்தைவிட இரண்டு அதிகம், இருக்க வேண்டியபடி. பிரேக் டிரம் பெரியது. கைப்பிரேக் கதவுக்கு வெளியே. பின்பக்க ஸ்பிரிங்கின் வில்பட்டை சட்டத்துக்கு மேலே போகாமல் கீழே போனது. ஒவ்வொன்றாக என் தாளில் டிக் போட்டேன். அதுதான். அதேதான். படத்தில் மட்டும் பார்த்த ஒன்றை வைக்கோல் தூசிக்குள் தொட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி, “அக்கா, இது அந்தக் கார்தான்” என்று சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நல்லது என்று இருக்கிறது. மகேஸ்வரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுகந்தி, “அப்ப கடல் காத்துத்தான்” என்றாள்.

கடைசியாக எண். இடது பக்கச் சட்டத்தில், முன் வில்பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போனேன். அந்தக் காலத்தில் தொழிலாளி ஒவ்வொரு இலக்கமாகச் சுத்தியலால் அடிப்பான். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் கோணலாக இருக்கும். அந்தக் கோணல்தான் சாட்சி. நான் துடைத்துப் பார்த்தபோது நூல் பிடித்த மாதிரி ஒரே நேராக, கூர் மழுங்காமல், 337 என்று இருந்தது. சுற்றிலும் இரும்பு மெஷினால் அரைத்து வழவழப்பாக இருந்தது. மெல்லிய பச்சைப் பெயிண்டுக்குக் கீழே புது இரும்பின் வெள்ளை.

“வடிவா இரிக்கா?” என்றார் தவம், மேலேயிருந்து.

நான் வெளியே வந்தேன். “யார் அடிச்சது இது?”

“நான்தான். ஒரு நாள் பிடிச்சுது.” முகம் மலர்ந்திருந்தது. “புக்கில முந்நூற்றி முப்பத்தேழு. வண்டியில முந்நூற்றி எண்பத்தேழு. எந்தக் காலத்திலயோ பேர் மாத்தக்குள்ள ஒரு கிளாக்கர் எட்டை மூண்டா எழுதிட்டான். இவ்வளவு வருசமா ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு எண்ணை மட்டும் மாத்தினா வித்தியாசம் தெரியும் எண்டு, முழுக்க ஒட்டி நிரப்பி, அரைச்சு, புதுசா அடிச்சன். இப்ப புக்கும் வண்டியும் ஒண்டு.”

“கண்டுபிடிச்சது நான்” என்றாள் சுகந்தி. “உங்கட கடிதம் வந்த அண்டைக்கே டோர்ச் அடிச்சுப் பாத்தன்.”

கடிதம் பதிவுப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து இருந்தது. என் கையெழுத்து. அவள் அதை விரித்து, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தாள். ‘பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் வாகனத்தில் உள்ள எண்ணும் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். இரண்டுக்கும் மாறுபாடு காணப்படின் வாகனம் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.’

முதலாளி இதைச் சொல்லவே இல்லை. எண் இருக்கும் இடத்தை யாரும் தொட வேண்டாம் என்று மட்டும் எழுதச் சொன்னார். அதை நான் ‘எண் தெளிவாக இருத்தல் அவசியம்’ என்று மாற்றி எழுதியிருந்தேன். மற்ற இரண்டு வரியும் ஒரு இன்சூரன்ஸ் படிவத்தில் பார்த்துச் சேர்த்தவை. கடிதத்துக்கு ஒரு கனம் வேண்டும் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த பிழை எங்களுக்கு ஒன்றுமே இல்லை. கிளார்க் பிழை உலகம் முழுக்க உண்டு, ஒரு பிரமாணப் பத்திரத்தில் தீர்ந்துபோகும். எங்களுக்கு வேண்டியது அந்தக் கோணலான எட்டு. அது போய்விட்டது. பட்டியலில் 337 வேறொரு வண்டி. அது ஆஸ்திரேலியாவில் ஒருவரிடம் நல்லபடியாக இருக்கிறது. இனி இந்த வண்டியைப் பார்க்கிறவன் எவனும், யாரோ அந்த எண்ணைத் திருடி அடித்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வான்.

தவத்தின் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மகேஸ்வரி அக்கா, “முதல்ல சாப்பிடுங்க தம்பி. நண்டு ஆறினா ருசி இல்ல” என்று உள்ளே போனார். ஐந்து பேரும் சாப்பிட்டோம். நண்டு ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும் வழியில், இரண்டு சாவடியையும் பாலத்தையும் தாண்டியபின் காக்கா வேனை ஓரமாக நிறுத்தினார்.

“சிவலிங்கத்தாரைப் பத்திக் கேக்காதீங்க எண்டன் எலா? நானே செல்லுறன். அவர்ட மோட்டார் சைக்கிள்ள எஞ்சின் நம்பருக்கும் புக்குக்கும் ஒரு இலக்கம் பிழை. ஒரே ஒரு இலக்கம். வண்டிய வெச்சிட்டுப் போ, நாளைக்கு வந்து எடு எண்டாங்க. மனுசன் அடுத்த நாள் குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு எடுக்கப் போனார். ஆறு வருசம்.”

“யார் புடிச்சது? எந்தப் பக்கம்?”

“அந்தக் கேள்வி மட்டும் இன்னும் கேக்கப்படாது” என்று வேனைக் கிளப்பினார்.

மூன்றாம் நாள் மறுபடியும் போனேன். எண் போனாலும் வேறு சாட்சி இருக்கலாம் அல்லவா? எஞ்சினில் ஓர் எண் இருக்கும். ஆனால் உள்ளே இருந்தது வேறொரு காரின் எஞ்சின். பழையதை வயலுக்குத் தண்ணீர் இறைக்க வைத்து, அது வெடித்து, இரும்புக்குப் போட்டிருந்தார்கள். கார் உடம்பின் மரச் சட்டத்தில் ஓர் எண் எழுதியிருப்பார்கள். கறையான் தின்று, தோணி செய்கிற ஓர் ஆசாரி முதிரை மரத்தில் புதுச் சட்டம் போட்டிருந்தார். அற்புதமான வேலை, நாலு தலைமுறைக்கு வரும். எங்களுக்குப் பயனில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடு இருக்க வேண்டும். இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

“அதை ஒரு பட்டாளத்துக்காரன் வடிவா இரிக்கு எண்டு கழட்டிக்கொண்டு போனான்” என்றார் தவம்.

“எந்த நாட்டுப் பட்டாளம் எண்டு இவருக்கிட்டச் சொல்லாதீங்க மாமா. பாவம், வெட்கப்படுவார்” என்றாள் சுகந்தி. நான் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பார்த்து முடித்தபின் தவம் என்னைத் தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வாங்கி ஒரு மாதமான எண் உளிகள் எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தன. அவற்றில் எட்டு அடிக்கிற உளியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“திருப்பி அடிச்சுத் தாறன். கோணலா வேணுமெண்டா கோணலா அடிக்கிறன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறன். ஒரு மணித்தியாலம் போதும். நீங்க பாக்கல்ல, எனக்கும் தெரியாது.”

நான் அந்த எட்டைக் கையில் எடுத்தேன். செய்யலாம் என்று நினைத்தேன். அது உண்மையான எண்தானே; பொய்யைத்தான் திரும்ப உண்மையாக்கப்போகிறோம். ஆனால் முதலாளி வாங்குவதற்கு முன் ஒருவரைக் கொண்டு அமிலம் தடவிப் பார்ப்பார். இரும்புக்குள் பழைய அடியின் தடம் இருந்தால் தெரியும். இந்த இரும்பில் தடமே இல்லை. ஒட்டி நிரப்பிய இடம் தனியாகத் தெரியும். அதன்மேல் இன்னொரு தரம் அடித்தால் கள்ளம் இரண்டு மடங்காகும்; ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இதைச் சொல்லி உளியைத் திரும்ப வைத்தேன்.

“நான் நல்லா வேலை செஞ்சது பிழையாப் போச்சு, என்ன?” என்றார். “கொஞ்சம் அரைகுறையாச் செஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்.”

அது சரிதான்.

நான்காம் நாள் காத்தான்குடியில் ஒரு கடையிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். கடைக்காரர் நிமிடத்தை எண்ணும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. என் இரண்டு வரியைச் சொல்லவில்லை.

“நம்பர் போச்சுன்னா அது வண்டியே இல்லைப்பா. பழைய இரும்பு. நீ கண்ணால பார்த்து அதுதான்னு சொல்றே, நான் நம்பறேன். வாங்கறவன் நம்பணுமில்ல?”

“ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ண? சரி. லைட்டு, ரேடியேட்டர், வீல், ஸ்டியரிங், கியர் பெட்டி. கழட்டி எடுத்துக்க. ஒண்ணு பத்து குடு. அதுக்கு மேல ஒரு ரூபாய் சொல்லாதே.”

ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதைச் சொல்ல அன்று மதியமே பாலம் தாண்டினோம். மகேஸ்வரி அக்கா நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். தொகையைச் சொன்னேன். காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே, “ஒரு லட்சத்துக்கு அங்க என்ன வரும் காக்கா?” என்று கேட்டார்.

“கிணறு வரும்” என்றார் காக்கா. வேடிக்கையாகத்தான் சொல்ல வந்தார். “வாடகைக்கு ஒரு வீடு பாக்கட்டா தங்கச்சி?”

“பாத்தனே. படுவான்கரை ஆக்களெண்டா ஒருத்தரும் தாறாங்கல்ல. பதிவு, விசாரணை எண்டு பயம். சொந்த வீடெண்டா உறுதிப் பத்திரத்தைக் காட்டலாம்.”

அப்போதுதான் நான் சொன்னேன். அந்த இரண்டு வரியை முதலாளி சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன் என்று. இன்சூரன்ஸ் படிவத்தைப் பற்றியும் சொன்னேன். மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஊரில் என்னைப் புரியவைக்க எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அக்கா கிண்டுவதை நிறுத்தவில்லை. “இஞ்ச ஒரு தாள் வந்து நம்பரைப் பாக்கப்போறன் எண்டா, தம்பி, நாங்க என்ன செய்யிற? மாறிக் கிடந்தா ஆள் போயிடும். அதுதான் எங்களுக்குத் தெரிஞ்சது.” பிறகு, “நீங்க எழுதினது பிழையெண்டு நான் சொல்லல்ல. ஆனா சரியெண்டும் சொல்லமாட்டன்” என்றார்.

சுகந்தி வெடுக்கென்று கேட்டாள். “அப்ப நான் டோர்ச் அடிக்காம விட்டிருந்தா?”

“வாயை மூடு புள்ள” என்றார் தவம்.

“இல்ல மாமா, கேக்கன். நான் படிக்காத புள்ளையா இருந்து, கடிதத்தை வாசிக்கத் தெரியாம வெச்சிருந்தா, இப்ப நாங்க கல்லடியில.”

அவள் போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் படலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கம் திருப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கழற்றினோம். தவம்தான் கழற்றினார், ஒரு திருகாணியைக்கூட நசுக்காமல். சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினோம். இயக்கத்தின் சாவடியில் பொருள்களைப் பட்டியல் போட்டு வரி கேட்டார்கள். காக்கா பேசிக் குறைத்தார். ஆமிச் சாவடியில் விளக்குகளுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். எண் இருக்கிறதா என்று ஒருவன் ஒவ்வொன்றாகத் திருப்பினான். இல்லை என்றதும் ஏமாந்த மாதிரி போகச் சொன்னான்.

ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் மாதம் ஹனீபா காக்காவின் கடிதம் வந்தது. கல்லடி வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பழுகாமத்தில் ஆள் கேட்டு வீடு வீடாக மறுபடி வந்தார்கள். கல்யாணமான பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள் என்பதால் சுகந்திக்கு எட்டே நாளில் கல்யாணம் முடித்தார்கள். மாப்பிள்ளை மாமன் முறை, இருபது வயது, கூலிக்கு வயல் செய்கிறவன். இருக்கும் வீட்டையே அவள் பேருக்கு எழுதிவிட்டு அக்கா பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார். பள்ளிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது, சுகந்தி எழுதவில்லை. தாலிக்கும் கூறைக்கும் சாப்பாட்டுக்கும் கொட்டிலுக்கும் கார்க் காசு சரியாகப் போய்விட்டது. கடைசியில், ‘புள்ள உங்களை விசாரிச்சா’ என்று எழுதியிருந்தார். என்ன விசாரித்தாள் என்று எழுதவில்லை.

பட்டறையில் ஒவ்வொரு வண்டிக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. என் கையெழுத்துதான். அந்தப் பக்கத்தில் எண் சரியாக இருந்தால் கொடுக்க வேண்டியது பன்னிரண்டு லட்சம் என்று மேலே இருக்கிறது. கொடுத்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று கீழே. இரண்டுக்கும் நடுவில் நான் எழுதாமல் விட்ட கழித்தலை இங்கே எழுதிவிடுகிறேன். நான் சேர்த்த இரண்டு வரிக்கு அந்தக் குடும்பம் கொடுத்தது பத்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய்.